மேற்கு நாணலில் பூஜ்யம்

ஜனவரி ஒன்றாம் தேதி, உலகமே இழுத்துப் போர்த்திக்கொண்டு தூங்கும் நேரத்தில், ஒரு மனிதர் எழுந்து வாசலில் நின்று முதலில் கண்ணில் படும் காக்காயை நோட்டில் எழுதுவார். முந்தின நாள் வரை அதே காக்காயை அவர் திரும்பிக்கூடப் பார்த்திருக்க மாட்டார். வருஷம் பிறந்துவிட்டதே, அதனால் காக்காய் ஒன்று, புறா இரண்டு. டிசம்பர் முடிவதற்குள் எத்தனை விதமான பறவைகள் கண்ணிலோ காதிலோ பட்டன என்று ஒரு பட்டியல். அது முடிந்த மறுநாள் மீண்டும் காக்காயிலிருந்து ஆரம்பம். இதற்குப் பரிசும் கிடையாது, மாலையும் கிடையாது. பத்தொன்பது வருஷமாக இந்த வேலையைச் செய்துவந்தவரை ஏரிச் சரணாலயத்தில் எல்லோரும் ‘லிஸ்டு அண்ணன்’ என்று கூப்பிட்டார்கள். அவர் மனைவி வேறு மாதிரி கூப்பிட்டாள். அதை இங்கே எழுத வேண்டாம்.

வயிற்றுப்பாட்டுக்கு அவர் செய்தது பிரஸ் பட்டறையில் வேலை. தகரத் தகட்டை மெஷினுக்கு அடியில் வைத்தால் மேலிருந்து ஒரு இரும்பு இறங்கி ‘டங்’ என்று அடிக்கும், தகடு டப்பா மூடியாக மாறி வெளியே விழும். ஒரு நாளைக்கு நாலாயிரம் ‘டங்’. முப்பத்திரண்டு வருஷம். காதில் வைத்துக்கொள்ள ரப்பர் அடைப்பான் கொடுத்திருந்தார்கள். அதை வைத்துக்கொண்டால் பக்கத்து மெஷின்காரர் சொல்லும் ஜோக் கேட்காது என்பதால் ஒருவரும் வைப்பதில்லை. ஜோக்கும் அப்படி ஒன்றும் பிரமாதமாக இருக்காது.

மனைவி தையல்காரி. வீட்டு முன்னறையில் ஜன்னலோரம் மெஷினைப் போட்டுக்கொண்டு பள்ளிச் சீருடை, திரைச்சீலை, தலையணை உறை என்று தைப்பாள். ஒரே மகள் வேறு ஊரில் வேலையில் இருந்தாள், ஞாயிற்றுக்கிழமை போன் பண்ணுவாள். “இவ ஏன் இப்பல்லாம் வாய்க்குள்ளயே பேசுறா?” என்று அவர் போனை மனைவியிடம் நீட்டிவிடுவார். மனைவி பேசினாலும் அதே புகார்தான். “உனக்கு என்ன, வாயில கொழுக்கட்டையா இருக்கு?” என்பார். “இந்த வீட்டுல கொசுவே இல்ல, பார்த்தியா?” என்று ஒரு கோடைகாலம் முழுக்கப் பெருமை அடித்துக்கொண்டார். கை நிறையத் தடிப்போடு அவள் அவரை ஒரு பார்வை பார்த்தாள்.

சரணாலயம் பெரிய இடம் ஒன்றுமில்லை. நடுவில் ஏரி, சுற்றிவர ஒரு நடைபாதை, மறைந்து உட்கார்ந்து பார்ப்பதற்கு மரத்தால் செய்த ஒரு குடில். மேற்குக் கரையில் மட்டும் ஆளுயர நாணல் அடர்ந்து நின்றது. குளிர் விட்டு வசந்தம் தலைகாட்டும்போது, எங்கெங்கோ போகிற பறவைகள் வழியில் இங்கே இறங்கிக் களைப்பாறும். வருஷப் பட்டியல் வைத்திருப்பவர்களுக்கு அந்த மூன்று வாரந்தான் அறுவடை. ஒரே காலையில் ஏழு எட்டுப் புதுப் பெயர்கள் சேரும். லிஸ்டு அண்ணன் அந்த மூன்று வாரமும் பட்டறையில் மதிய ஷிப்டு கேட்டு வாங்கிக்கொள்வார். காலை ஐந்தரைக்கு ஏரிக்கரையில் இருப்பார்.

தன் பட்டியல் போக இன்னொரு பொறுப்பும் அவருக்கு இருந்தது. சரணாலயத்துக்காக வசந்தகாலக் கணக்கெடுப்பை அவர்தான் சம்பளமில்லாமல் செய்துகொடுத்தார். அதற்கென்று அச்சடித்த படிவம் உண்டு. பறவையின் பெயர், எண்ணிக்கை, பார்த்ததா கேட்டதா, கணக்கெடுத்தவர் கையெழுத்து. மேற்கு நாணலில் அவர் எண்ணியது முக்கியமாக ஒரே ஒரு பறவையை. வெட்டுக்கிளிக் கதிர்க்குருவி. உள்ளங்கைக்குள் அடங்கிவிடும், மண் நிறம், மகா கூச்சம். நாணலை விட்டு வெளியே வராது. கேமராவைத் தூக்கிக்கொண்டு வருகிறவர்களுக்கு அது சுத்தமாகப் பிடிக்காது, படத்துக்கு நிற்காத பறவையை வைத்துக்கொண்டு என்ன பண்ண? விடியும்போது அது பாடும். அதைக் காதால் கேட்டு எண்ணினால்தான் உண்டு. அதற்கு வந்த ஒரே காது லிஸ்டு அண்ணனுடையது.

கணக்கெடுப்பு ஆரம்பித்த முதல் வருஷ நோட்டில் அவர் எழுதியிருந்தார்: ‘வெ.கி. கதிர்க்குருவி, பதினொன்று. சத்தம் அப்படியே இவள் மெஷினில் பாபின் சுற்றுகிற மாதிரி. நிறுத்தாமல் ஒரு நிமிஷம். அழகு.’ அடுத்த வருஷமும் பதினொன்று. அப்புறம் ஒன்பது. அப்புறம் ஏழு, நாலு, இரண்டு. ஒரு வருஷம் ஒன்றே ஒன்று, அதுவும் காற்று அவர் பக்கம் அடித்தபோது. அதற்குப் பிறகு பூஜ்யம். நாலு வசந்தமாகப் பூஜ்யம்.

அவர் அதை லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. செல்போன் டவர் மேல் பழி போட்டார். பூச்சிமருந்து மேல், பக்கத்து ஆலைப் புகை மேல், நாயைக் கூட்டிக்கொண்டு நடக்க வருகிறவர்கள் மேல், ஒருவரையும் பாக்கி வைக்கவில்லை. வருஷப் பட்டியலில் அந்தப் பெயருக்கு நேரே கட்டம் காலியாகக் கிடப்பதைப் பார்க்கும்போதெல்லாம் அவருக்கு மனசு கனத்துப்போகும். “என் கண்ணு முன்னாடியே ஒரு பறவை அழிஞ்சு போச்சு” என்று குடிலில் உட்கார்ந்து யாரிடமாவது சொல்லுவார்.

போன குளிர்காலத்தில் சரணாலய அதிகாரி ஒரு கூட்டம் போட்டார். ஆட்கள் அதிகம் வர ஆரம்பித்துவிட்டார்கள், வண்டி நிறுத்த இடமில்லை. மேற்கு நாணலை வெட்டி மண் கொட்டிச் சமப்படுத்தினால் வண்டியும் நிறுத்தலாம், ஏரியும் நன்றாகத் தெரியும் என்றார். “அங்க முக்கியமா எதாவது கூடு கட்டுதா அண்ணே? நீங்கதானே எண்ணுறீங்க” என்று இவரைப் பார்த்துக் கேட்டார். அதிகாரி நல்ல மனுஷர்தான். கேட்க வேண்டிய ஆளிடம்தான் கேட்டார்.

“நாலு வருஷமா ஒண்ணுமில்ல சார். காலியா கிடக்கு” என்றார் லிஸ்டு அண்ணன். மனசு வெறுத்துப்போய்ச் சொன்னார். அவர் கையெழுத்துப் போட்ட நாலு படிவங்களும் திட்டத்தோடு சேர்த்துப் பின் அடிக்கப்பட்டன.

வசந்தம் வந்தது. வெட்டும் மெஷின் அடுத்த வியாழக்கிழமை வரும் என்று வாசலில் அறிவிப்பு ஒட்டினார்கள். அதற்கு முந்தைய வெள்ளிக்கிழமை, மனைவியும் அவரோடு ஏரிக்குக் கிளம்பினாள். பறவை மேல் ஆசை வந்து அல்ல. முழங்கால் வலிக்குத் தினமும் நடக்கச் சொல்லியிருந்தார் டாக்டர். “எப்படியும் நீங்க அங்க போய் மரம் மாதிரி நிக்கப் போறீங்க, நான் நாலு சுத்து நடக்கிறேன்” என்றாள். ஒன்றரைச் சுற்று நடந்துவிட்டு மேற்குக் கரை பெஞ்சில் வந்து தொப்பென்று உட்கார்ந்தாள். பிளாஸ்கைத் திறந்து டீ ஊற்றி அவரிடம் கொடுத்தாள். அவர் கடைசியாக ஒருமுறை அந்த நாணலைப் பார்த்துக்கொண்டு நின்றிருந்தார்.

“ஏங்க, இங்க யாரு இந்த நேரத்துல மெஷின் போட்டுட்டு உக்காந்திருக்கிறது?” என்றாள் அவள்.

“என்ன மெஷின்?”

“தையல் மெஷின்தான். பாபின் சுத்துற மாதிரி இல்ல கேக்குது. அதோ, அந்த நாணலுக்குள்ள. நிறுத்திட்டாங்க. இல்ல, மறுபடியும்.”

அவர் கையிலிருந்த டீ ஷூ மேல் கொட்டியது. சுட்டிருக்கும், அவருக்குத் தெரியவில்லை. “எங்க? எங்க?” என்று அவள் தோளைப் பிடித்து உலுக்கினார். அவள் கை காட்டினாள். அவர் காது மடலைக் கையால் குவித்துக்கொண்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார். தவளை கேட்டது. தூரத்தில் லாரி கேட்டது. நாணல் ஒன்றோடொன்று உரசுவதுகூட லேசாகக் கேட்டது. அது மட்டும் கேட்கவில்லை.

“இப்பக்கூட கேக்குதா?”

“காதுல ஊசி வெச்சு குத்துற மாதிரி கேக்குது. உங்களுக்கு கேக்கலையா?”

அவர் வீட்டுக்கு வந்ததும் சட்டையைக்கூட மாற்றாமல் முன்னறைக்குப் போனார். “பாபின் சுத்து” என்றார். அவள் சுற்றினாள். அவர் தலையைக் குனிந்து காதை மெஷின் மேலேயே வைத்தார். நூல் ஏறுவது கண்ணுக்குத் தெரிந்தது. மெஷினின் அதிர்வு கன்னத்தில் ஏறியது. மிதி மேலும் கீழும் போவது ‘தொம் தொம்’ என்று கேட்டது. பாபினின் சத்தம் இல்லை. அது நிரம்பி வழிகிற வரைக்கும் அவர் தலையை எடுக்கவில்லை. அவளும் நிறுத்தவில்லை.

“குருவி எங்கயும் போகல” என்றார் கடைசியில். பழி போட இத்தனை நாள் பாக்கி இருந்த ஒரே ஆள் அவரேதான்.

சனி, ஞாயிறு, திங்கள் மூன்று நாளும் இரண்டு பேரும் விடிவதற்குள் போய்விட்டார்கள். ஒரு ஏற்பாடு செய்துகொண்டார்கள். சத்தம் வந்தால் அவள் ஒரு விரலைத் தூக்குவாள், வேறொரு இடத்தில் இன்னொன்று பாடினால் இரண்டாவது விரல். அவர் நாணலைப் பார்க்கமாட்டார், அவள் கையையே பார்த்துக்கொண்டிருப்பார். மூன்று நாளும் ஐந்து விரல் எழுந்தது. ஐந்து குருவிகள். கல்யாணமாகி முப்பது வருஷத்தில் அவர் தன் கையை இத்தனை நேரம் பார்த்தது இதுதான் முதல் தடவை என்று அவள் சொன்னாள். அவர் சிரித்தார். உடனே அழுகை வந்துவிட்டது. மூக்கைச் சிந்துவதுபோலத் திரும்பிக்கொண்டார்.

“உங்க லிஸ்டுல போட்டுக்கோங்க” என்றாள்.

“நான் கேக்கலையே. எப்படிப் போடுறது?”

திங்கட்கிழமை பத்து மணிக்கு அதிகாரியின் அறைக்குப் போனார். “மேற்கு நாணல்ல வெட்டுக்கிளிக் கதிர்க்குருவி அஞ்சு இருக்கு சார். வெட்டக் கூடாது.”

அதிகாரி பேனாவை வைத்தார். “அண்ணே, நாலு வருஷமா பூஜ்யம் போட்டிருக்கீங்க. வெட்டுற வாரத்துல அஞ்சா? உங்க காதால கேட்டீங்களா?”

இந்த இடத்தில்தான் அந்த மனிதர் ஒரு வார்த்தை சொல்லியிருக்க வேண்டும். பத்தொன்பது வருஷமாக ‘லிஸ்டு அண்ணனுக்கே கேட்கலைன்னா அங்க இல்லைன்னு அர்த்தம்’ என்று பேர் வாங்கிய காது. அந்தப் பேரைத் தவிர அவரிடம் என்ன இருந்தது? டப்பா மூடிகளா? “என் வீட்டுக்காரி கேட்டா” என்று மட்டும் சொன்னார். போனில் பிடித்து வைத்திருந்த சத்தத்தைப் போட்டுக் காட்டினார். மின்விசிறி ஓடுகிற அறையில் அது ‘சிர்ர்’ என்று மெல்லிசாக வந்தது, அதுவும் அதிகாரிக்கு மட்டும்.

“பூச்சி மாதிரில்ல இருக்கு? உங்க வீட்டம்மாவுக்கு எத்தனை பறவை அடையாளம் தெரியும்?”

“காக்கா, புறா” என்றார் இவர். பொய் சொல்லி அவருக்குப் பழக்கமில்லை. உண்மையை முழுசாகச் சொல்லத்தான் வாய் வரவில்லை.

அதிகாரி எழுந்து தோளில் தட்டினார். “உங்களுக்கு அந்த இடத்து மேல பாசம். புரியுது அண்ணே. நானும் போய்ப் பார்க்கிறேன்.” சொன்னபடியே அன்று மதியம் பன்னிரண்டு மணிக்குப் போய்ப் பார்த்தார். நடுப்பகலில் அந்தக் குருவி வாயைத் திறக்காது.

வீட்டில் மனைவி கேட்டாள். “சொன்னீங்களா?”

“சொன்னேன்.”

“காது விஷயத்த?”

அவர் சாப்பாட்டுத் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். செவ்வாய்க்கிழமை அவர் ஏரிப் பக்கமே போகாமல் பட்டறைக்குப் போய் நாலாயிரம் மூடி அடித்துவிட்டு வந்தார். முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு படுத்தார். புதன்கிழமை காலை அவள் கையிலிருந்த சீருடையைப் பாதியில் போட்டுவிட்டு, செருப்பை மாட்டிக்கொண்டு வாசலில் நின்றாள். “கிளம்புங்க. ஆஸ்பத்திரிக்கு. உங்களுக்காக இல்ல, அந்த அஞ்சுக்காக” என்றாள்.

காது சோதிக்கிற அறை அலமாரி அளவு இருந்தது. தலையில் ஒன்றை மாட்டிவிட்டு, சத்தம் கேட்டால் பட்டனை அழுத்துங்கள் என்றாள் அங்கிருந்த பெண். முதல் சில நிமிஷம் நன்றாக அழுத்தினார். அப்புறம் அவள் கண்ணாடிக்கு வெளியே காகிதத்தில் ஏதோ எழுதிக்கொண்டே இருந்தாள், இவர் அடுத்த சத்தத்துக்குக் காத்துக்கொண்டே இருந்தார். கதவு திறந்தது.

“மீதிய எப்பம்மா ஆரம்பிப்பீங்க?” என்று கேட்டார்.

“முடிஞ்சுதுங்க ஐயா” என்றாள் அவள், அவர் முகத்தைப் பார்க்காமல்.

காகிதத்தில் ஒரு கோடு. பாதிவரை சமமாக வந்து, அப்புறம் மாடியிலிருந்து தவறி விழுந்ததுபோல் கீழே போயிருந்தது. பட்டறைச் சத்தம், வருஷக்கணக்காகக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றிருக்கிறது, மெல்லிசான சத்தங்கள்தான் முதலில் போகும் என்றார் டாக்டர். போனது திரும்ப வராதாம். அந்தக் காகிதத்தை வாங்கிக்கொண்டு நேராகச் சரணாலயத்துக்குப் போனார்கள். அதிகாரி தலைமை அலுவலகத்துக்குப் போயிருந்தார். போனில் கூப்பிட்டார்கள். எடுக்கவில்லை. காலையில் வருவார் என்றார் காவலாளி.

வியாழக்கிழமை ஏழு மணிக்கே இரண்டு பேரும் வாசலில் நின்றார்கள். ஆனால் வெட்டும் மெஷின் ஆறு மணிக்கே உள்ளே போயிருந்தது. அந்தச் சத்தம், தடதடவென்று அடிவயிற்றிலிருந்து வருகிற சத்தம், அது அவருக்கு மிக நன்றாகக் கேட்டது.

அதிகாரி சொன்னால்தான் நிறுத்துவேன் என்றுவிட்டார் மெஷின் ஓட்டுகிறவர். அதிகாரி எட்டு மணிக்கு வந்தார். இவர் காகிதத்தை நீட்டினார். “எனக்குக் காது போயிடுச்சு சார். எப்பவோ போயிடுச்சு. அந்த நாலு பூஜ்யமும் குருவிது இல்ல, என்னோடது” என்றார். அதிகாரி காகிதத்தைப் பார்த்தார், இவரைப் பார்த்தார். அப்புறம் ஓடினார். அந்தக் கனத்த உடம்போடு அவர் ஓடி யாரும் பார்த்ததில்லை. கையை வீசிக்கொண்டு மேற்குக் கரைக்கு ஓடி மெஷினை நிறுத்தினார்.

கால்வாய் ஓரம் இரண்டு கட்டில் போடுகிற அளவுக்கு நாணல் மிச்சம் இருந்தது. மற்றதெல்லாம் படுத்துக் கிடந்தது.

“திங்கட்கிழமையே இதைச் சொல்லியிருக்கலாமே அண்ணே” என்றார் அதிகாரி, மூச்சு வாங்க. கோபமாகக்கூடச் சொல்லவில்லை. “ஒரு வார்த்தை சொல்லியிருந்தா தள்ளிப் போட்டிருப்பேனே.”

கோபமாகச் சொல்லியிருந்தால் அவர் தாங்கியிருப்பார். அங்கேயே மண்ணில் உட்கார்ந்துவிட்டார். மனைவி பக்கத்தில் நின்றாள். அவளும் அந்த நேரத்தில் ஆறுதல் எதுவும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் பொய்யாக இருந்திருக்கும்.

மிச்சம் இருந்த நாணலைச் சுற்றி அதிகாரி கயிறு கட்டினார். வண்டி நிறுத்தும் இடத்துக்கான வேலையையும் நிறுத்திவைத்தார். ஞாயிற்றுக்கிழமை, கணக்கெடுப்பின் கடைசி நாள், இரண்டு பேரும் பழையபடி விடிவதற்குள் போய்ப் பெஞ்சில் உட்கார்ந்தார்கள். படிவம் அவர் மடியில் இருந்தது. அவள் கை அவள் முழங்கால்மேல் இருந்தது. அவர் அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். கீழ்வானம் வெளுத்தது. தண்ணீரில் ஒரு நாமக்கோழி இறங்கியது. வெட்டிய இடத்தில் ஒரு வாலாட்டி நடந்தது. அரை மணி போனது. முக்கால் மணி போனது.

அவள் விரல் எழுந்தது. ஒன்று.

அவர் பேனாவைத் திறந்தார். எழுதவில்லை. அந்த விரல் நிலையாக நிற்கவில்லை. ஊசியில் நூல் கோக்கும்போதுகூட நடுங்காத கை அது. அவர் முதல்முறையாகக் கையிலிருந்து கண்ணை எடுத்து அவள் முகத்தைப் பார்த்தார்.

“நிஜமாவா?” என்றார்.

அவள் கொஞ்ச நேரம் அப்படியே வைத்திருந்தாள். அப்புறம் விரல் மடங்கிக்கொண்டது.

“இல்லைங்க” என்றாள். “காத்துதான் அடிக்குது.”

அவர் அந்தக் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார். மேற்கு நாணல், வெட்டுக்கிளிக் கதிர்க்குருவி என்பதற்கு நேரே பூஜ்யம் போட்டார். கணக்கெடுத்தவர் கையெழுத்து என்ற இடத்தில் பேனாவை அவளிடம் கொடுத்தார். அவள் எழுத்துக்கூட்டுவதுபோல மெதுவாகக் கையெழுத்துப் போட்டாள். அந்தக் கட்டத்தில் இது ஐந்தாவது பூஜ்யம். இது ஒன்றுதான் சரியானது.